குள்ளச்சிக்குப் பதினாலுதான்

என் அண்ணா சட்டத்தை மீறி நான் கண்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு விளையாட்டில். எனக்கு அப்போது ஒன்பது வயது. வென்றுவிட்டேன் என்று துள்ளிக் குதித்தேன். முருகன் என்னை மன்னிக்கட்டும்.

அப்பாவுக்குப் பேராதனையில் ரயில்வே உத்தியோகம். சொந்த ஊர் யாழ்ப்பாணம். பிள்ளை டொக்டராக வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் அசையாத நம்பிக்கை. அம்மா அழ அழ, அப்பா அண்ணாவைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்த சிங்களப் பையன் கண்டியிலேயே படித்தான். அண்ணாவின் கூட்டாளி, எங்கள் வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டே தமிழ் பழகியவன். இருவரும் ஒரே வருடம் பல்கலைக்கழகத்துக்கான சோதனை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தார்கள்; அண்ணா அதுவரைக்கும் பேராதனைக்கு வந்திருந்தார்.

அந்த நாட்களில்தான் கூட்டாளியின் மாமா இங்கிலாந்திலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகம் அனுப்பியிருந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. கடதாசியில் ஓர் ஆளை உண்டாக்கி, அந்த ஆளைக் குகைக்குள்ளும் காட்டுக்குள்ளும் அனுப்பவேண்டும். முதலில் இனத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும்: மனிதரா, வனத்தாரா, குள்ளரா என்று. பிறகு பலம், புத்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஆறு வரை புள்ளியிட்ட மூன்று தாயக்கட்டை உருட்டவேண்டும்.

நான் குள்ளரைத் தெரிந்தெடுத்தேன். படத்தில் அவர்களும் என்னைப்போலச் செருப்பில்லாமல் நின்றார்கள். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பலத்துக்கு உருட்டினேன். ஆறு, ஆறு, ஆறு.

“பதினெட்டு!”

அண்ணா புத்தகத்தைப் புரட்டினார். எந்த இனத்துக்கு எது எவ்வளவு வரைக்கும் போகலாம் என்று அதில் ஓர் அட்டவணை இருந்தது.

“குள்ளருக்குப் பதினேழுக்கு மேல இல்லை. பொறு, பொம்பிளையெண்டால் இன்னும் குறைவு. பதினாலு.”

“நான் உருட்டினது பதினெட்டு!”

“நீ என்னத்தையும் உருட்டு. குள்ளச்சிக்குப் பதினாலுதான்.”

“அப்ப நான் மனிசி.”

“அதை உருட்ட முதல் சொல்லியிருக்கோணும்.”

கூட்டாளி எனக்காகப் பரிந்து பேசினான். தங்கச்சியைச் சிங்களத்தில் நங்கி என்றுதான் கூப்பிடுவான். “பாவம் மச்சான், நங்கிக்குப் பதினெட்டையே குடு. யார் பாக்கிறது?”

“சட்டம் எண்டால் சட்டம் மச்சான். நாளைக்கு நீயும் வந்து கேப்பாய்.”

அழுதுகொண்டு அம்மாவிடம் போனேன். “உனக்கென்ன வளர்ந்த பெடியளோட விளையாட்டு, போய் விளக்கைக் கொளுத்து” என்றார். விளக்கைக் கொளுத்தி, அந்த அட்டவணையை மாற்றித் தரும்படி சாமியைக் கும்பிட்டேன். அண்ணாவுக்கு மருத்துவபீடம் கிடைக்கவேண்டும் என்பதைக் கடைசியில்தான் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பெறுபேறு வந்தது. அண்ணாவின் புள்ளிகள் கூட்டாளியுடையதைவிடக் கூட. ஆனால் இடம் கிடைக்க எடுக்கவேண்டிய வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, யாழ்ப்பாணத்துக்குக் கூட. கண்டியில் எழுதிய கூட்டாளிக்கு மருத்துவபீடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் எழுதிய அண்ணாவுக்குக் கிடைக்கவில்லை.

கூட்டாளி அன்று வீட்டுக்குள் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

“மச்சான், உன்ட மார்க்ஸ்தானே கூட.”

“ஓம். நீ போய்ப் படி.”

உள்ளே வந்த அண்ணா என்னைக் கூப்பிட்டார். என் குள்ளச்சியின் கடதாசியை எடுத்து, பென்சிலால் எழுதிய பதினாலை அழித்து, பேனையால் பதினெட்டு என்று பெரிதாக எழுதினார்.

“அப்ப சட்டம்?”

“நீ உருட்டினனி. அது உன்ரைதான்” என்றார்.

அடுத்த வருடம் கலவரம் வந்தது. கூட்டாளியின் அம்மா எங்களைத் தன் குசினிக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அந்தப் புண்ணியவதிக்கு இன்றும் ஒரு பூ வைக்கிறேன். பிறகு யாழ்ப்பாணம் போனோம். அங்கே ஒரு நாள் காலை கடைக்கென்று போன அண்ணா திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் கோயில் மதிலில் சாய்த்தபடி நின்றது. யாரோடு போனார், எங்கே போனார், ஒருவருக்கும் தெரியாது. நாள் தெரியாததால் திவசமும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் பெயரில் ஒரு விளக்கு வைக்கிறேன். செத்தவருக்கா இருப்பவருக்கா என்று முருகனே பார்த்துக்கொள்ளட்டும்.

குள்ளச்சியின் கடதாசி இப்போதும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அண்ணா பதினெட்டு எழுதித் தந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு நான் முதலில் ஓடியது அப்பாவிடம்தான். அவர் கதிரையில் இருந்தார்.

“அப்பா, அண்ணா எனக்குப் பதினெட்டுத் தந்திட்டார்!”

என்ன பதினெட்டு என்று கேட்டார். நான் மூச்சு விடாமல் எல்லாம் சொன்னேன்: எவ்வளவு உருட்டினாலும் குள்ளருக்கு இவ்வளவுதான், மனிதராக இருந்தால் கிடைத்திருக்கும், உருட்ட முதலே பார்த்துத் தெரிந்தெடுத்திருக்க வேண்டும், நான்தான் பிழையாகத் தெரிந்தெடுத்துவிட்டேன் என்று.

அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தாயம் உருட்டுவது அவருக்கு எப்போதும் பிடிக்காது. அந்தக் கோபம்தான் என்று நினைத்து, இனி உருட்டமாட்டேன் அப்பா என்று அவருடைய முழங்காலைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.