காசி பையில் இருந்த புது விதித்தாள்

மாலை வகுப்பு நண்பர்களே,

இன்று மயிலாப்பூரில் ஒரு வீட்டில் வாட்டர் ஹீட்டருக்கு வயரிங் வேலை. கூட வந்த காசி, "பெரிசு, புது ரூல்ல எர்த் கம்பி வேணாமாம். வுட்டுடு," என்றான்.

படிக்கத் தெரியாததால் நாற்பது வருடமாக யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் வேலை செய்தேன். இன்று, "கம்பி வாங்குன கடையில குடுத்த ரூல் தாளை எடு," என்றேன். அவன் பையில் மடித்தது மடித்தபடி இருந்தது.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்குள் காசி இரண்டு பீடி குடித்துவிட்டான்.

எர்த் கட்டாயம் என்றுதான் போட்டிருந்தது.

"நல்ல வேளை, குழந்தைங்க குளிக்கிற இடம்," என்றார் வீட்டுக்கார அம்மா.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"தெனம் ஈரக் கையோட நான் தொடுற கிரைண்டருக்கு எர்த் போட்டுக்கீறியா?" என்றாள்.

இல்லை. போட்டு முடித்த கையோடு இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எப்படி?