பெகோஞாவின் சிவப்பு அலை

கையில் சிவப்புப் பேனா இல்லாமல் பெகோஞா தபாலைத் தொடமாட்டாள். உறையில் 'பெகோனா' என்று அச்சாகியிருக்கும். ஸ்பானிஷில் n எழுத்தின் தலைமேல் அலை இருந்தால் (ñ) 'ஞ', இல்லாவிட்டால் வெறும் 'ன'. குட்டியாக ஓர் அலை வரைந்து தன் பெயரை மீட்ட பிறகுதான் கடிதத்தைப் பிரிப்பாள்.

மாட்ரிட்டை ஒட்டிய மோஸ்டோலெஸில், எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. வேலை, கணினி அமைப்புகளுக்குப் படம் போடுவது. நூலகம் என்றால் உறுப்பினர், புத்தகம், இரவல் என்று கட்டங்கள், இடையே கோடுகள். எந்தக் கணினியில் ஓடும் என்ற பேச்சே படத்தில் வரக்கூடாது. அவள் எழுதிய நிரல் அந்தப் படத்தைப் படித்து, 'என்னிடம் இதைக் கேளுங்கள், இப்படிப் பதில் சொல்வேன்' என்று பிற கணினிகளுக்கு அறிவிக்கும் இணையச் சேவை விவரத்தைத் தானே எழுதிவிடும். எந்த மிஷினுக்கு என்று யாராவது கேட்டால் போச்சு. "பொண்ணு பாக்கப் போறப்பவே பேரனுக்கு ட்ரவுசர் தைக்கிறியா?" என்பாள்.

சென்ற மாதம் எட்டு ஊர் நூலகர்கள் பார்க்க வந்தார்கள். எட்டு ஊரிலும் எட்டு விதக் கணினி. அவர்கள் தலையசைத்தால் அவளுடைய ஆறு வருட உழைப்பு வாழும். இல்லையேல் வேறொரு குழு ஊருக்கு ஒன்றாகக் கையால் எழுதும். பெகோஞா நிரலை ஓட்டினாள். திரையில் விவரம் இறங்கியது. 'பிறந்த வருடம்' கேட்கும் இடத்தில் அலையைக் காணோம். ஆஞோ என்றால் வருடம். ஆனோ என்றால் மனிதன் எதை மறைத்து உட்காருகிறானோ அது. குடும்பப் பத்திரிகையில் இதற்கு மேல் எழுத முடியாது.

முன்வரிசை நூலகர் விசித்தாசியோன் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, புஸ்தகம் எடுக்க வர்றவங்க அதையுமா எழுதித் தரணும்?"

எட்டுப் பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பெகோஞாவின் முகம் செத்துவிட்டது. பக்கத்தில் நின்ற எங்கள் கூடத்து ஃபெர்மின், வழுக்கைத் தலை வியர்க்க, அந்த ஒரு சொல்லை மட்டும் கையால் திருத்திவிடச் சொல்லிக் கிசுகிசுத்தான்.

"கையால தொட்டா அது நான் பெத்தது இல்ல, ஃபெர்மின்."

நிரலின் விதிகளைத் திறந்தாள். பழைய கணினிகள் மிரளும் என்று பெயர்களிலிருந்து அலையை அழிக்கும் விதி ஒன்று அங்கே இருந்தது. ஆறு வருடம் முன்பு அவளே எழுதியது.

"மிஷினை நெனைக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நான்தான் மிஷினுக்குப் பயந்திருக்கேன்" என்று சபையறியச் சொல்லிவிட்டு, அதை நீக்கி மறுபடி ஓட்டினாள்.

விவரம் இறங்கியது. ஒரு கணினியும் மிரளவில்லை. எட்டு ஊர்க் கணினிகளும் ஒவ்வொன்றாகப் படித்து, ஒழுங்காக வருடத்தையே கேட்டன. முதலில் கைதட்டியவர் விசித்தாசியோன் அம்மாள்தான். சம்மதம் என்று முதலில் சொன்னவரும் அவரே.

அச்சாகி வந்த தாளின் அடியில் வரைந்தவர் பெயர் இருந்தது. வழக்கம்போல் பெகோஞா சிவப்புப் பேனாவைத் திறந்து அதன் மேல் குனிந்தாள். அலை ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது. பேனா சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு ஃபெர்மினின் வழுக்கைத் தலையை மறு கையால் பிடித்து இழுத்து, அதன் மேல் பெரிதாக ஓர் அலை போட்டாள்.