உண்ணிச்செடி வேலி

சவுரியம்மாளுக்குப் பயம் கூடவே பிறந்தது. நாய் ஊளையிட்டால் பயம், கணவன் அருளப்பன் ஒரு கவளம் குறைத்துத் தின்றால் பயம். அதற்கெல்லாம் ஊரே சிரிக்கும். ஆனால் அவள் எதிரே கோலார் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள். அங்கே தங்கச் சுரங்கத்தில் இறங்கிய அவள் அண்ணன் பாறை சரிந்து செத்தான். உடம்பைக்கூட மேலே கொண்டுவர முடியவில்லை.

ஆம்பூர்ப் பக்கத்து மலைச்சரிவில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்து, ஆவாரம்பட்டை உரித்து, தோல் பதப்படுத்தும் மக்பூல் அகமதுவின் ஷாப்புக்குப் போட்டார்கள் இருவரும். பட்டை கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அருளப்பன் சுரங்கத்துக்குப் போக வேண்டாம். அவளுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

வினை வேலியில் ஆரம்பித்தது. ஆளில்லாத நேரம் பார்த்து யார் யாரோ வந்து பிஞ்சுக் குச்சியையே உரித்துப் போனார்கள். வயிறு எரிந்த சவுரியம்மாள், ஒரு துரை பங்களா மதிலோரம் இருந்த உண்ணிச்செடியை வெட்டி வந்து சரிவைச் சுற்றி ஊன்றினாள். முள்ளுக்குப் பயந்து திருடர்கள் நின்றார்கள். பலே என்று அருளப்பன்கூட மெச்சினான். அதன் பழத்தைத் தின்ற குருவிகள் உள்ளேயெல்லாம் விதை போட்டதை யார் கண்டார்கள்? சில வருஷத்தில் ஆவாரத்துக்கு நடுவே உண்ணிப்புதர் மண்டிவிட்டது.

1926 கோடையில் இடி விழுந்து மலை பற்றிக்கொண்டது. ஊரில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. மலையில் புல் எரிவது புதிதா என்ன? தீ சட்டென்று ஓடிவிடும். ஆவாரங்கட்டை பிழைத்து, மழைக்கு நேர்நேராகக் குச்சி விடும். அதில்தான் பட்டை சுலபமாகக் கழலும். ஆனால் இந்த முறை எரிந்தது புல் இல்லை, புதர். நின்று நிதானமாக, நாள் கணக்கில் எரிந்தது.

கோலாருக்கு ஆள் பிடிக்கும் கங்காணி அப்போது பார்த்து ஊருக்குள் வந்தான். சவுரியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. "மழ வரட்டுங்க, தளிர்த்துடும். அதுக்குள்ள வாக்கு குடுத்துடாதீங்க" என்று கணவனைக் கெஞ்சினாள்.

மழை வந்தது. அடிவாரத்தில் நின்று பார்த்தாள். சரிவு முழுக்கப் பச்சை! ஓட்டமாக ஓடிவந்து சொன்னாள். அருளப்பனும் கங்காணியைத் திருப்பி அனுப்பினான்.

மறுநாள் மேலே ஏறிப் போனவள் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கினாள். குப்பென்று உண்ணி வாடை. அடுத்ததும் உண்ணி, அதற்கடுத்ததும் உண்ணி. ஆவாரங்கட்டையைக் கத்தியால் சீவினாள். வேர்வரை வெந்து கிடந்தது. நம் கையாலேயே ஊன்றினோமே, பாவி, என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. தினமும் தனியே போய்ப் பிடுங்கினாள். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? கை முழுக்க முள் கிழித்திருந்ததைப் பார்த்து, அருளப்பன் ஒருநாள் பின்னாலேயே ஏறி வந்துவிட்டான். சரிவைச் சுற்றிப் பார்த்தான். அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நா போய்ட்டு வர்றேன்மே" என்றான்.

"அப்போ நானும் வர்றேன்."

"ரெண்டு பேரும் போய்ட்டா இத்த யாரு புடுங்கறது? ஓரமா நாலு ஆவாரம் பொழச்சிருக்குது, பாரு. அதுங்க வெத உழுந்து மொளைக்க எடம் வேணும். பட்ட எப்ப வருதோ அப்ப நா மேல வந்துடறேன்."

அவன் ரயிலேறிய அன்று அவள் வழியனுப்பக்கூடப் போகவில்லை. முந்தின நாள் நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் பிடுங்கினால்தான் உண்ணி வேரோடு வரும்.