குழந்தைவேலின் இதயத்தில் கோளாறு இல்லை

நான் ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டில் பொய் எழுதினேன். 1950களின் கடைசியில், கொடைக்கானலில் நான் டியூட்டி டாக்டராக இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அது நடந்தது.

பக்கத்து மலைக் கிராமமான கவுஞ்சியில் உருளைக்கிழங்கு போடும் குழந்தைவேல் காலில் சீழ்ப்புண்ணோடு வந்தார். முன்பு ஒரு பெனிசிலின் ஊசிக்கு உடம்பெல்லாம் தடித்ததாம். கம்பவுண்டர் அந்தோணி அதை இரண்டு முறை சொன்னார். வெளியே நீண்ட வரிசை. நான் காதில் வாங்காமல் நானே பெனிசிலின் ஊசியைப் போட்டேன்.

சில நிமிடங்களில் முகம் சிவந்து, தடிப்பு எழுந்தது. நாடி நூலாக ஓடியது, பி.பி. கேட்கவே இல்லை. ஒவ்வாத மருந்து போனதும் உடம்பு ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டிவிடும். சிறு ரத்தக் குழாய்கள் ஒரே சமயத்தில் விரியும். அவற்றின் சுவர் வழியே நீர் கசியும். திரும்பி வரும் ரத்தம் குறைவதால் இதயம் பதறி அடித்துக்கொள்ளும். படுக்கவைத்து, காலை உயர்த்தி, அட்ரினலின் போட்டேன். பிழைத்தார். சாயங்காலம் காப்பி கேட்டார்.

வேலை போய்விடும் என்று பயந்து, ‘இதய பலவீனம்’ என்று எழுதினேன். மண்வெட்டி தொடக் கூடாது என்று சீட்டும் கொடுத்தேன். இன்னொரு பெனிசிலின் ஊசி அவரைக் கொன்றுவிடலாம் என்பதை மறைத்தேன்.

எட்டு மாதம் கழித்து, கவுஞ்சி போய் வந்த அந்தோணி சொன்னார்: “மனுசன் வாசல்லயே கெடக்காரு சார். ஒங்க சீட்டு சாமி படத்துக்குக் கீழ இருக்கு.”

மறுநாளே போனேன். அவர் மனைவியின் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். ஹிஸ்டமினையும் விளக்கினேன். குழந்தைவேல் தன் படிக்கட்டு வயலைப் பார்த்தபடி கேட்டார்.

“மடை பூராம் ஒண்ணாத் தொறந்துக்கிட்டா ஓடையில தண்ணி ஏதுங்க? அப்ப நெஞ்சுல கோளாறு இல்லியா?”

“இல்லைங்க. கோளாறு எங்கிட்டத்தான்.”

அவர் மனைவி மண்வெட்டியைக் கொண்டுவந்து போட்டார். “எட்டு மாசமா நாந்தான் கொத்துறேன். ரெண்டு பேரும் வெரசா எறங்குங்க.”

இறங்கினோம். ஒரு பாத்தி கொத்திவிட்டு உச்சி வயல்வரை ஏறினோம். அங்கே அவர் நாடியைப் பிடித்தேன், சீராக இருந்தது. எனக்கு மூச்சு இரைத்தது.

“ஒங்களுக்குத்தான் சீட்டு எழுதணும் போல,” என்று சிரித்தார்.

திரும்பியதும் கேஸ் ஷீட்டில் என் பொய்க்குக் கீழே உண்மையைச் சிவப்பு மையில் எழுதி, கையெழுத்திட்டுப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். எல்லார் முன்னாலும் திட்டினார், வேலையிலிருந்து நீக்கவில்லை. குழந்தைவேலுக்கும் ‘பெனிசிலின் ஆகாது, இதயம் நலம்’ என்று புதுச் சீட்டு அனுப்பினேன்.

மறு வருஷம் வத்தலக்குண்டு சந்தைக்குக் கிழங்கு மூட்டையோடு போனவருக்கு அங்கே காய்ச்சல் கண்டது. ஊசியோடு வந்த டாக்டரிடம் அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாராம்.

“மொதல்ல இதப் படிங்க. பெறகு ஊசி.”

நான் படித்த பாடமும் அதே வரிசைதான்: முதலில் நோயாளி சொல்வதைக் கேட்பது, பிறகு ஊசி.