ரோசக்கா மெஸ்ஸுல நடு டேபிள்

ரோசக்கா போயிட்டாங்க.

காலைல செல்வி போன் பண்ணா. "ஏய்... நம்ம மீன் மெஸ் ரோசக்காடி"ன்னா. 

தொண்ணூறுகள்ல மதுரை கே.கே. நகர்ல இருந்தவங்களுக்கு அந்தக் கடை ஞாபகம் இருக்கும். ஆறு டேபிள், தகரக் கூரை, வாசல்ல ஒரு கரும்பலகை. அன்னைக்கு என்ன மீன் வந்துச்சோ அது மட்டும் சாக்பீஸ்ல எழுதியிருக்கும். சீலா, ஊளி, நெத்திலி, கணவாய்...

அக்காவுக்குச் சொந்த ஊரு ராமேஸ்வரம் பக்கம். கடலே இல்லாத மதுரைக்கு வாக்கப்பட்டு வந்து, கடல் மீனுக்குன்னே கடை போட்டவங்க.

நான், செல்வி, கீதா மூணு பேரும் பக்கத்துல ஒரு கிளினிக்ல லேப் டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்த புதுசு.

ஒருநாள் மூணு பேருமே லஞ்ச் கொண்டு வரல. மீன் பொரிக்கிற வாசனை இழுத்துச்சு, போனோம். உள்ள பூராம் ஆம்பளைங்க... வாசல்லயே திரும்பிட்டோம்.

"எங்க தாயி போறீக? மீனு தீரல, உள்ள வாங்க"ன்னு பின்னாலயே சத்தம்.

அப்பல்லாம் பொம்பளைங்க வந்தா ஸ்கிரீன் போட்ட ஃபேமிலி ரூம்ல தள்ளி விட்டுருவாங்க. அக்கா எங்கள நட்டநடு டேபிள்ல, ஃபேனுக்குக் கீழ உக்கார வச்சாங்க.

பக்கத்து டேபிள்ல ஒருத்தர் முனகினார். "பொம்பளப் புள்ளைக பார்சல் வாங்கிட்டுப் போகவேண்டியதுதான..."

அக்கா உள்ள போயி ஒரு வாழை இலையும் பேப்பரும் எடுத்துட்டு வந்து அவர் முன்னாடி வச்சாங்க. "அண்ணே, ஒங்களுக்குக் கூச்சமா இருந்தா நீங்க கட்டிக்கிட்டுப் போங்க. அவுக இருந்து சாப்புடட்டும்."

கடையே சிரிச்சுச்சு. அன்னைலருந்து அந்த டேபிள் எங்க டேபிள்.

கீதா சௌராஷ்ட்ராப் புள்ள. அவ வீட்ல முட்டை கூட உள்ள வராது. சும்மா எங்களுக்குத் துணைக்குத்தான் வருவா.

அவளுக்குன்னே ஒரு புதுச் சட்டி வாங்கி, மீன் கரண்டி படாம வத்தக்கொழம்பு வச்சுக் குடுப்பாங்க அக்கா. அத்தனை வருஷத்துல ஒருநாள்கூட "ஒரு துண்டு தின்னு பாரேன்"னு சொன்னதில்ல.

இன்னொரு நாள்... இதச் சொல்லாம இந்தப் பதிவ முடிக்க முடியாது.

ஏரியாவுல ஒரு பெரிய மனுஷர். கடை இருந்த இடமே அவருதுதான். மக கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு முப்பது பேருக்குக் கடைலயே மதியச் சாப்பாடு சொல்லியிருந்தார்.

அன்னைக்குன்னு பாத்து மீன் வண்டி வழியில ரிப்பேர். வந்து சேர்றப்ப ஐஸ் பூராம் தண்ணி. அக்கா செவுளத் தூக்கிப் பாத்துட்டு, கூடையோட ஓரமாத் தள்ளி வச்சிட்டாங்க.

நாங்க லஞ்சுக்குப் போனப்ப விருந்தாளிங்க வந்து உக்காந்தாச்சு. அக்கா அவர்கிட்ட போயி, "அண்ணே, மீனு கெட்டுப்போச்சு. கருவாட்டுக் கொழம்பும் முட்டையும் ஆக்கிருக்கேன்"னாங்க.

"சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குக் கருவாடா? மசாலாவ அள்ளிப் போட்டுப் பொரி. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேண்ணே."

அவருக்கு மூஞ்சி செவந்து போச்சு. கூடைலருந்து ஒரு மீனத் தூக்கிக் காட்டி, "இதுல என்ன கெட்டுப்போச்சு, எவன் சொன்னான்?"ன்னு கத்தினார்.

அக்கா என் பக்கம் திரும்பினாங்க. "தாயி, நீ கிளினிக்ல வேல பாக்குறவ. மோந்து பாத்துச் சொல்லு."

எங்க டாக்டருக்கு அவர் ரொம்ப வேண்டியவர்... வேலை போச்சுன்னே நெனச்சேன்.

எந்திரிச்சுப் போயி மீன வாங்கி மோந்து பாத்தேன். வெரலால அமுக்குனேன். குழி விழுந்தது அப்படியே நின்னுச்சு.

"கெட்டுத்தான் போச்சு சார். சின்னப் புள்ளைங்க சாப்பிட்டா வாந்திபேதி ஆயிரும்."

அம்புட்டு பேருக்கு முன்னால அவ்வளவு சத்தமா நான் அதுக்கு முன்னாடி பேசினதே இல்ல.

அப்பறம் மாப்பிள்ளையோட அம்மா, "எங்களுக்குக் கருவாட்டுக் கொழம்பே போடுங்கம்மா"ன்னாங்க.

எல்லாரும் சாப்பிட்டாங்க. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. அவர் மட்டும் கை நனைக்கல.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். "நீதான் சொன்னியா?" ஆமா சார்னேன். "சரி, போய் வேலையப் பாரு"ன்னார்.

அக்காவுக்குத்தான் கடையக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்துச்சு. கெஞ்சல, சண்டை போடல. "எடம் அவருது. கையி என்னுது"ன்னாங்க, அவ்வளவுதான்.

ரெண்டு தெரு தள்ளி ஒரு ஷெட் கெடச்சுச்சு. ஒரு ஞாயித்துக்கெழம, கடைல சாப்பிட வர்றவங்கல்லாம் சேந்து சாமான் தூக்கினோம். நானும் செல்வியும் ஆளுக்கொரு பக்கம் டேபிளப் புடிச்சு நடுரோட்டுல நடக்கோம், பின்னால கீதா கரும்பலகையத் தலைல வச்சுக்கிட்டு வாரா...

புதுக் கடை முந்தினதவிட ஓஹோன்னு ஓடுச்சு. பத்து வருஷத்துக்கு மேல. முடியாமப் போனதும் அக்காவே நிறுத்திட்டு கொட்டாம்பட்டில மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க.

போன வருஷம் பாக்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்களக் கூப்பிட்டு, "நான் சொல்லுவேன்ல, அந்தப் புள்ள இதுதான்"னு காட்டினாங்க.

நான் இத்தனை வருஷமா ஊரெல்லாம் அவங்களப் பத்திப் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன். அவங்க அங்க என்னப் பத்திப் பேசிட்டு இருந்திருக்காங்க.

நாளைக்குக் காலைல கொட்டாம்பட்டில அடக்கம். கீதா திருச்சிலருந்து நேரா வந்துர்றேன்னுட்டா. நானும் செல்வியும் மாட்டுத்தாவணில மொத பஸ் ஏறுறோம்.

வந்துக்கிட்டே இருக்கோம்க்கா...