மதுரையில் இறங்காத விமானம்

அம்மா செத்த சேதி வந்தபோது நான் ஐதராபாத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் திருச்சுழிப் பக்கம் அப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், ஆத்தாளுக்குக் கடைசி மகன். கடைசி மகன் நான். லாரி முதலாளி விமானத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் நான். எங்கள் ஊரில் அந்த மழையும் கிடையாது. சீட்டு நம்பரைக்கூட அடுத்தவரிடம் கேட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மதுரையில் இறங்கப்போன விமானம் திடீரென்று மூக்கைத் தூக்கி மேலே ஏறியது.

“கீழ பலத்த மழை. ஓடுபாதை தெரியலை. கொஞ்ச நேரம் சுத்திப் பாப்போம்” என்றார் பைலட், மைக்கில். மூன்று சுற்றுக்குப் பிறகு, “திருச்சிக்குப் போறோம்” என்றார்.

“பயந்தாங்கொள்ளி. நானா இருந்தா எறக்கிருப்பேன்” என்றேன், இருபது வருசம் லாரி ஓட்டிய திமிரில்.

பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமல், “நல்லவேளை, நீங்க இங்க உக்காந்திருக்கீக” என்றார்.

திருச்சியில் இறங்கியதும் அண்ணன் போனில் வந்தான்.

“ஏலே, எங்க இருக்க?”

“திருச்சில. மதுரையில மழைன்னு இங்க கொண்டாந்துட்டாங்க.”

“இங்கயும் மானம் கறுத்துருச்சு. சுடுகாட்டுல கூரை கெடையாது. எடுக்கவா, வைக்கவா?”

“இரு, கேட்டுச் சொல்றேன்.”

பைலட் வெளியே வந்து நின்றார். என்னைவிடச் சின்னவர்.

“சார், இன்னொரு தடவை முட்டிப் பாத்திருக்கலாம்ல? எங்காத்தா பொணம் காத்துக் கெடக்கு.”

அவர் முகம் மாறியது. “பாத்திருக்கலாம்ணே. அதுவும் முடியலைன்னா இங்க வர்றதுக்கு எரிபொருள் பத்தாது. இருக்கும்போதே திரும்பிரணும். மன்னிச்சுக்கங்க.”

திருச்சியிலிருந்து எங்கள் ஊர் எவ்வளவு தூரமென்று என்னைவிட யாருக்குத் தெரியும். ‘மூணு மணி நேரத்துல வாரேன், எடுக்காம வைங்க’ என்று வாய்வரை வந்தது. ஆனால் மழையில் பாதி வெந்து கிடந்த பிணத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

“நீயே கொள்ளி வச்சுரு” என்றேன் போனில்.

“நான் மூத்தவன்லே.”

“மழைக்கு முந்தி எடுங்க.”

“தூக்குங்கப்பா” என்று அவன் யாரிடமோ சொன்னது கேட்டது.

அன்று எங்கள் ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் காலையில் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனபோது சாம்பல் காய்ந்து கிடந்தது.

“பெய்யலைலே” என்றான் அண்ணன், தப்பு செய்தவன் மாதிரி.

“கறுத்ததப் பாத்துத்தான முடிவு பண்ணோம்” என்றேன்.

பால் செம்பை என் கையில் கொடுத்துவிட்டு அவன் விலகி நின்றான்.