ட்ரிப் ஏறிய கத்திரிச் செடி

எங்கள் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கம்பியில், இன்றும் ஒரு ட்ரிப் செட் தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, அதேதான். புதிதாக மாடிக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு எங்களைப் பார்ப்பார்கள், பிறகு வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தணிந்த குரலில் கேட்பார்கள். கத்திரிச் செடிக்கு என்று சொன்னதும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்த யோசனை பிறந்த நொடியில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணி, அதாவது என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ், வேலூரில் நைட் டூட்டி முடித்துக் காலை ரயிலில் ஆம்பூர் வந்து இறங்கி, துவைத்த யூனிபாரத்தைக் காயப்போட மாடியேறி வந்தார். நான் வாடிப்போன கத்திரிச் செடியின் முன்னால் உட்கார்ந்து, செடி ஏன் வாடுகிறது என்று மொபைலில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே அண்ணி குனிந்தார். ஓர் இலையை இரண்டு விரலால் கிள்ளிவிட்டு, அது நிமிர்கிறதா என்று சற்று நேரம் பார்த்தார். “டிஹைட்ரேஷன் பாப்பா. இது வாயால குடிக்கிற நிலைமையில இல்ல. லைன் போட்டுடலாம்” என்றார். தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் மெடிக்கல் ஷாப் கவரோடு அவர் மறுபடி மாடியேறியபோதுதான் விஷயம் புரிந்தது.

அதற்கு முன்பே அந்த மாடி பல செடிகளைப் பார்த்திருந்தது, ஒன்றையும் வளரவிட்டதில்லை. ப்ரோக்கோலி, ஸ்ட்ராபெரி, கட்டிலுக்கடியில் காளான் என்று வீடியோவில் யார் எதை வளர்த்தாலும் அடுத்த வாரம் அது எங்கள் வீட்டில் சாகும். அம்மா மாடிப் பக்கம் கையைக் காட்டி, “பாப்பாவோட கல்லறைத் தோட்டம்” என்று விருந்தாளிகளிடம் அறிமுகம் செய்வார். இதற்கெல்லாம் உச்சம் என் உரத் திட்டம். ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை பார்க்கிறேன். கட்டிங் மேஜைக்கடியில் தினமும் தோல் துண்டுகள் குவிவதைப் பார்த்ததும், மாட்டுத் தோல் இயற்கைப் பொருள்தானே, மண்ணில் போட்டால் மக்கி உரமாகுமே என்று தோன்றிவிட்டது. சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு பை நிறைய வாங்கிவந்து தொட்டிகளில் புதைத்தேன். மாதங்கள் கழித்துக் கிளறினால் துண்டுகள் போட்டது போட்டபடி, பளபளப்புகூடக் குறையாமல் இருந்தன. தோல் மக்கிப்போகக் கூடாது என்பதற்காகத்தான் அதைப் பதப்படுத்துகிறார்கள் என்பது, அந்தத் தோலால் சம்பளம் வாங்குகிற எனக்கு, தொட்டியைக் கிளறுகிற வரை உறைக்கவில்லை. பேக்கிங் பிரிவில்கூட அதற்குப் பிறகு யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, விவசாயி என்றுதான் கூப்பிட்டார்கள்.

கத்திரி மட்டும் நான் விட மாட்டேன் என்று பிடித்த பிடி. எங்கள் ஊரில் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்திரிக்காய் வைக்காமல் ஒரு பந்தியும் எழுந்ததில்லை. வேலூர்ப் பக்கத்து முள்ளுக் கத்திரி வேறு பேர்போனது. லாங் பஜார் விதைக் கடையில் நாற்று வாங்கிவந்து வைத்தேன். ஆனால் எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஊற்ற ஊற்ற மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தது, இலை ஓரமெல்லாம் கருகியது. நல்ல தண்ணீர் என்றால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர்தான், அதில் கை வைத்தால் அம்மா விடமாட்டார். அண்ணியின் ட்ரிப் இந்த இடத்தில்தான் பொருந்தியது. கேன் தண்ணீரில் கொஞ்சம் மட்டும் பாட்டிலில் ஊற்றி, அதைத் தலைகீழாகக் கம்பியில் கட்டி, குழாயின் சின்னச் சக்கரத்தை உருட்டி, சொட்டுச் சொட்டாக வேரில் இறக்கினார். ஒரு குவளை தண்ணீர் நாள் முழுக்க வந்தது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அண்ணியையே அப்போது அவருக்கு அவ்வளவாகப் பிடித்திருக்கவில்லை. பகலில் தூங்கும் மருமகளை அவர் பார்த்ததில்லை. பெயர் சொல்லாமல், “டூட்டி எழுந்தாச்சா?” என்றுதான் என்னிடம் விசாரிப்பார். அண்ணிக்கும் அது காதில் விழும். எழுந்ததும் சமையலறைக்குப் போகாமல் நேராக மாடிக்கு வந்துவிடுவார். அங்கே அவருக்கு வார்டு ஞாபகம் வந்துவிடும். “நைட்டு எப்படி இருந்துச்சு? வேகம் கம்மி பண்ணியா?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இலைகளின் அடியைத் திருப்பிப் பார்ப்பார். மாவுப்பூச்சி வந்தபோது பஞ்சில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தார். நான் ரிஜெக்ட் என்று பிடுங்கப்போன கிளையைத் தடுத்து, “உங்க ஃபேக்டரி புத்திய இங்க காட்டாத” என்றார். செடி பிழைத்து, ஊதா நிறத்தில் முதல் பூ வைத்தது.

பூவைப் பார்த்ததும் அம்மா கட்சி மாறிவிட்டார். அந்த வாரம் சர்ச் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் வீட்டு மாடியில் விளைந்த முதல் காய் முதற்பலனாக வரும் என்று சாட்சி சொல்லிவிட்டார். எங்கள் சபையில் அந்தப் பண்டிகையன்று ஒவ்வொரு குடும்பமும் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவரும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் எல்லாம் ஏலம் போகும். நிலமில்லாதவர்கள் கேக் கொண்டுவருவார்கள், முட்டை கொண்டுவருவார்கள், தோல் பதப்படுத்தும் டேனரியில் இருக்கும் ஓர் அங்கிள் வருடம் தவறாமல் ஒரு ஜோடி செருப்பு கொண்டுவருவார். நாங்கள் எப்போதும் கடையில் வாங்கிய பூசணிக்காயைக் கொண்டுபோகிற குடும்பம். இந்த முறை ஆயரின் மனைவி ஆயரம்மாவே தெருவில் நிறுத்திக் காய் எப்படியிருக்கிறது என்று கேட்டார்கள். அம்மாவின் மானம் அந்தச் சொட்டுக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று காய் பிடித்தன. தளதளவென்று, காம்பில் முள்ளோடு, அவ்வளவு அழகு. பண்டிகைக்கோ இன்னும் வாரங்கள் இருந்தன. கத்திரிக்காயை இளசாகப் பறிக்க வேண்டும் என்பது காய்கறிக்காரரிடம் நகத்தால் அழுத்திப் பார்த்து வாங்கும் எங்கள் எல்லோருக்குமே தெரியும். ஆனால் முதற்பலன் என்று சபையில் சொல்லியாகிவிட்டது. அதை முன்னாலேயே பறித்து ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுப்பது கர்த்தருக்குப் பழையது வைப்பது போல என்றார் அம்மா. முழுசாகக் குணமாகாமல் டிஸ்சார்ஜ் கிடையாது என்றார் அண்ணி. மாமியாரும் மருமகளும் முதன்முதலாக ஒத்துப்போன விஷயம் அது, நடுவில் புகுந்து கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. காய்கள் செடியிலேயே இருந்தன. ஊதா வெளுத்தது, பிறகு மஞ்சளடித்தது, பண்டிகை ஞாயிறன்று பித்தளைக் குண்டு போலத் தொங்கின.

ஏலம் போட்ட சபைச் செயலருக்கு நல்ல குரல். எங்கள் தட்டைத் தூக்கியதும் அந்தக் குரலே ஒரு கணம் தடுமாறியது. “பொன்னிறக் கத்திரிக்காய்” என்று சமாளித்தார். பின்வரிசையிலிருந்து யாரோ, “அது இன்னா மாம்பழமா அங்கிள்?” என்று கேட்க, பந்தல் சிரித்தது. யாரும் விலை கேட்கவில்லை. அம்மா புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது பாடகர் குழு பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. அண்ணி. அதே நேரத்தில், பந்தலுக்கு வெளியே டீ டிரம் அருகிலிருந்து இன்னொரு குரல் விலையைக் கூட்டியது. என் அண்ணன். யாரும் எடுக்காவிட்டால் நீ எடுத்துவிடு என்று அம்மா அவனைக் காலையிலேயே தயார் செய்திருந்தார். நடுவில் கூட்டம், யார் எதிரில் கேட்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை. மேலே நின்ற செயலருக்கு இரண்டு முகமும் தெரிந்தது. ஆலயச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டிய வருடம் அது, அவர் வாயைத் திறக்கவில்லை. அண்ணி தன் பேஷன்ட்டை விட்டுக்கொடுப்பதாக இல்லை. அண்ணன் அம்மாவுக்குப் பயந்தவன். விலை பூசணியைத் தாண்டி, சேவலைத் தாண்டி, செருப்பையும் தாண்டிப் போனது.

கடைசியில் அம்மா எழுந்தார். “நிறுத்துங்கய்யா. அங்க கேக்குறது என் புள்ள. இங்க கேக்குறது என் மருமக. எப்படியும் எங்க வீட்டுக்குத்தான் வரப்போவுது, இன்னாத்துக்கு இந்த பேஜாரு?” பந்தல் அதிர்ந்த சிரிப்பில் ஆயரும் சேர்ந்துகொண்டார். செயலர் கடைசி விலையை அவசரமாக மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டார், காசை அண்ணன் கொடுத்தான். என் மருமக என்று அம்மா ஊரறியச் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணி தட்டை வாங்க எழுந்து வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன், காய்க்காக வந்த சந்தோஷம் மட்டும் அல்ல அது.

காய் என்னவோ கசந்தது. சுட்டுத் துவையல் அரைத்தோம், மணல் போல விதை நறநறத்தது. மிச்சத்தை ஊறுகாய் போட்டோம், ஜாடியைத் திறந்தவர்கள் உடனே மூடினார்கள். அண்ணன் மட்டும், காசு கொடுத்தவன் என்ற முறையில், தட்டை வழித்துச் சாப்பிட்டான். சுடுவதற்கு முன்பே ஒரு காயிலிருந்து ஒரு கையளவு விதையை அண்ணி எடுத்துக் கழுவி, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் உலர்த்தி, காலை மதியம் இரவு என்று அச்சடித்த மாத்திரை கவரில் போட்டு வைத்திருந்தார். மறுவருடம் அதிலிருந்துதான் செடிகள் வந்தன. அவற்றை இளசாகவே பறித்தோம், எண்ணெயில் வதங்கிய வாசனை எதிர்வீடு வரை போனது.

அண்ணி இப்போது அயர்லாந்தில் நர்ஸ். அண்ணனும் கூடவே அங்கே போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி வீடியோவில் வருவார். ஜன்னலோரம் தொட்டியில் ஒரு கத்திரிச் செடி, விரல் நீளத்துக்கு மேல் வளராமல் நிற்கும். “இங்க தண்ணி நிக்காம ஊத்துது பாப்பா. வெயிலத்தான் ட்ரிப் போட்டு ஏத்தணும்” என்பார். என் மொபைலை மாடி முழுக்க நடத்திக்கொண்டு போய் ஒவ்வொரு தொட்டியாகக் காட்டச் சொல்வார், சொட்டு வேகம் ஜாஸ்தி என்று அங்கிருந்தே கண்டுபிடிப்பார்.

ட்ரிப் பாட்டிலில் தினமும் காலையில் தண்ணீர் நிரப்புவது இப்போது அம்மாதான். கேன் தண்ணீர்தான், யாரும் சொல்லாமல். இந்த வாரம் எனக்குப் புதுத் திட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது. சுண்டைக்காய்ச் செடியின் வேர் எதையும் தாங்குமாம், அதன் தண்டை வெட்டி அதன்மேல் கத்திரியின் தண்டை ஒட்டினால் இரண்டும் ஒன்றாகி வளருமாம். சுண்டைச் செடி பென்சில் தடிமனுக்கு வந்துவிட்டது. புது பிளேடு வாங்கிவிட்டேன். கட்டுப்போட எந்த டேப், எவ்வளவு இறுக்கம் என்று அண்ணி செய்தி அனுப்பியிருக்கிறார். நேற்று மாலை ஆர்வம் தாங்காமல் ஒரே ஒரு தண்டை மட்டும் வெட்டிப் பார்க்கலாமென்று மாடிக்குப் போனேன். அம்மா கம்பிக்கடியில் நின்று குழாயின் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பிளேடைப் பார்த்துவிட்டு, அதை வாங்கித் தன் ஜாக்கெட்டுக்குள் பர்ஸோடு வைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம அவ லைன்ல வரட்டும்” என்றார். “டாக்டர் இல்லாம ஆபரேஷன் பண்ணுவாங்களா?”